கோயில் கெணறு, மழைத்தண்ணி வேலை: திருப்பணி நிறைவு அறிக்கை, கணக்கோட

உறுப்பினருங்க, உபயதாரருங்க, தெருக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகம் முடிஞ்சு 48 நாள் மண்டலாபிஷேகமும் ஆயிடுச்சு, கணக்கு எங்கன்னு டீக்கடையில நிக்க விடாம கேக்குறீங்க, கேக்கணும், அது உங்க காசு. கும்பாபிஷேகக் கணக்கு தனி நோட்டு, அதைப் பொருளாளர் அண்ணன் ஞாயித்துக்கிழமை படிப்பாரு. இது தண்ணி வேலைக்கு மட்டும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு, அதனாலதான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

கோபுரத்துக்கு வர்ணம் அடிக்காம கெணத்துல எதுக்குக் காசக் கொட்றீங்கன்னு முதல் மீட்டிங்லயே சண்டை வந்துச்சு. 2019 ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி குடுக்குற ஏரி நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, அது ஜூலை மாசம், அடுத்த வாரமே ஆடி பொறந்துச்சு. தண்டையார்பேட்டையில அந்த வருஷம் நம்ம கோயில்ல கூழ் ஊத்த கேன் தண்ணி வாங்கினோம். அம்மனுக்கு அபிஷேகம் லாரித் தண்ணியில. கெணத்துல தண்ணி இருந்துச்சு, ஆனா வாயில வச்சா கடல். அப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து அதே கோயில்ல முட்டி அளவு தண்ணி, மோட்டார் முழுகிப் போச்சு, கரண்ட் இல்ல, சம்ப்புக்குள்ள சாக்கடை. சுத்தி அவ்ளோ தண்ணி, குடிக்க ஒரு சொம்பு இல்ல. நாலு வருஷத்துல ரெண்டு கூத்தையும் ஒரே தரையில பாத்தாச்சு, அதுக்கப்புறம் வர்ணம் அப்புறம் அடிச்சுக்கலாம்னு முடிவாச்சு.

ஒருத்தர் கேட்டாரு, காட்டுப்பள்ளியில 2010லேர்ந்து கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துற பிளான்ட் ஓடுது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில வேற ரெண்டு இருக்கு, நமக்கு எதுக்கு கெணறுன்னு. நல்ல கேள்விதான். அந்தத் தண்ணி இல்லாம வட சென்னை இல்ல, அதுல ரெண்டு பேச்சு கிடையாது. ஆனா ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணி எடுக்க மூணு நாலு யூனிட் கரண்ட் வேணும், அது பைப்புல வரணும், நம்ம மோட்டார் மேல ஏத்தணும். மிக்ஜாம்ல இந்த மூணுல கடைசி ரெண்டும் நம்ம தெருவுல படுத்துக்கிச்சு. கயிறும் ராட்டினமும் போட்ட கெணறு அந்த நாலு நாளும் வேலை செஞ்சிருக்கும். அதனால இந்தத் திருப்பணியில ராட்டினத்தத் திரும்ப மாட்டியிருக்கோம், யாரும் கிண்டல் பண்ண வேணாம்.

முதல்ல கோயில் பின்சுவர் ஓரமா இருக்குற பழைய மழைநீர்க் குழியைத் தொறந்தோம். 2003ல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசு சொன்னப்போ போட்டது. இருபது வருஷமா அது வேலை செய்யுதுன்னுதான் நாம எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தோம். சிலாப்பக் கடப்பாறையால நெம்பித் தூக்கினா உள்ள கற்பூரக் கவரு, பால் பாக்கெட்டு, ஒரு ஒத்தச் செருப்பு, அதுக்குக் கீழ வண்டல் கேக்கு மாதிரி இறுகிப்போய் இருக்கு. அது கூட பரவால்ல. மாடியிலேர்ந்து இறங்குற பைப் எங்க வந்து சேருதுன்னு பாத்தா, குழிக்கு ஒரு முழம் முன்னாடியே சுவத்துல முடிஞ்சு போயிருக்கு. சேக்கவே இல்ல. அன்னிக்குப் பார்வைக்கு வந்தவங்களுக்குக் காட்ட ஒரு குழி, ஒரு பைப், அவ்ளோதான். அந்தக் கமிட்டியில நானும் இருந்தேன், அதனால யாரையும் திட்ட முடியல.

வேலைக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டோம். சென்னையில வருஷத்துக்கு சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு லிட்டர். கோயில் மாடியும் மண்டபமும் சேத்து 3,000 சதுர அடி, அதாவது சுமார் 279 சதுர மீட்டர், ஆவியாப் போறது வழியுறது எல்லாம் கழிச்சு நூத்துக்கு எம்பதுன்னு வச்சாலும் வருஷத்துக்கு மூணு லட்சம் லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் லாரின்னா 26 லாரி. இத்தனை வருஷமா 26 லாரித் தண்ணியத் தெருவுல விட்டுட்டு, லாரிக்காரருக்கு போன் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

நம்ம பக்கம் கடலோர மணல், அதுதான் நமக்கு வரம். ஜார்ஜ் டவுன் ஏழுகிணறு 1772லேர்ந்து கோட்டைக்குத் தண்ணி குடுத்துச்சுன்னா அதுவும் இந்த மாதிரி மணலை நம்பித்தான். மணல் தண்ணிய உடனே உள்ள வாங்கிக்கும். ஆனா அதுலயே வம்பும் இருக்கு. கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது, கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு உப்பத் தள்ளி வைக்கும். நாம மோட்டார் போட்டு அந்த ஒரு அடிய உறிஞ்சினா கீழேர்ந்து உப்பு மேல ஏறும். மீஞ்சூர் பக்கம் பல வருஷம் அளவுக்கு மீறி எடுத்து எடுத்துதான் கடல் தண்ணி கிலோமீட்டர் கணக்குல உள்ள வந்துச்சு. நம்ம கோயில் போர் 180 அடி, அது நேரா உப்புலதான் உக்காந்திருக்கு. அதை மூடி சீல் வச்சாச்சு, இன்னும் ஆழமாப் போடலாம்னு சொன்னவங்க இந்தப் பாராவ இன்னொரு தடவை படிங்க.

இப்போ என்ன பண்ணோம்னு சொல்றேன். பழைய கெணத்த தூர் வாரினோம். மூணு நாள் ஆச்சு, இறங்குனவங்க ரெண்டு பேர், முதல்ல எரியுற விளக்கக் கயித்துல கட்டி உள்ள விட்டு அணையுதான்னு பாத்துட்டுதான் இறங்குனாங்க. சேத்தோட குங்குமச் சிமிழு, அகல் விளக்கு, ஒரு செம்புச் சொம்பு, நாலணா எட்டணா காசு எல்லாம் வந்துச்சு. சொம்பத் தேய்ச்சு வச்சிருக்கோம், யாரோட வீட்டுதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க.

மாடித் தளத்துல சரிவே இல்ல, தண்ணி நடுவுல நின்னு ஊறுச்சு, அதை ஒடைச்சு சரிவு குடுத்து புதுசா தளம் போட்டோம், செலவுல பெரிய தொகை அதுதான். அங்கேர்ந்து நாலு அங்குல பைப் கீழ வந்து வடிகட்டித் தொட்டிக்குள்ள போகுது, கூழாங்கல்லு, ஜல்லி, மேல மணல், பெருசாத் தூக்கி வச்சுப் பேச ஒண்ணுமில்ல. தொட்டிக்கு முன்னாடி ஒரு வால்வு இருக்கு, முதல் மழைத் தண்ணியில புழுதி, காக்கா எச்சம் எல்லாம் இருக்கும், அதை அந்த வால்வத் தொறந்து வெளிய விட்டுட்டு அப்புறம்தான் உள்ள திருப்பணும். வடிகட்டின தண்ணி கொஞ்சம் பழைய கெணத்துக்கு, மீதி புதுசா எறக்கின மூணு உறை கெணத்துக்கு, அதாவது வட்ட உறைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி எறக்குற கெணறு. ஒவ்வொண்ணும் 12 அடி. கோடையில 16 அடியில தண்ணி நிக்குது, தண்ணியத் தொடாம மேலயே நிறுத்துனாத்தான் நடுவுல இருக்குற மணல் இன்னொரு தடவை வடிகட்டும்.

உறை விஷயத்துல ஒரு கூத்து. ஒரு உறை ஒரு அடி, 12 அடிக்கு 12 உறை. மூணாவது கெணறு முடிஞ்சு மூடி போடுறப்போ நம்ம பூக்கார அக்கா வந்து, "ஏம்பா, இதுல பத்துதான எறக்குனீங்க, மீதி ரெண்டு எங்க?"ன்னாங்க. காண்ட்ராக்டர் சிரிச்சாரு. அக்கா மாலை கட்டிக்கிட்டே எதுத்தாப்புல உக்காந்து ஒண்ணொண்ணா எண்ணியிருக்காங்க. டேப் விட்டுப் பாத்தா பத்தடி. மறுநாள் ரெண்டு உறை வண்டியில வந்துச்சு. மேற்பார்வைன்னு கமிட்டியில அஞ்சு பேர் இருக்கோம், எங்களால முடியல.

இப்போ நம்ம தப்பு. தெருவுல ஓடுற மழைத் தண்ணியையும் உள்ள வாங்கிடலாம்னு ஆசைப்பட்டு வடிகால் ஓரமா ரெண்டு குழி வெட்டினோம், 38,000 ரூபா. இணைப்புக் குடுக்குறதுக்கு முந்தின நாள் காலையில ஆறு மணிக்கு நம்ம பூசாரி பாத்துட்டு ஓடி வந்தாரு, மழைநீர் வடிகால்ல தண்ணி ஓடுதுன்னு. சித்திரை மாசம், ஒரு சொட்டு மழை இல்ல, அப்புறம் என்ன மழைநீர்? எங்கேயோ யாரோ வீட்டுக் கழிவு லைன அதுல விட்டிருக்காங்க. அதை அப்பிடியே இணைச்சிருந்தா அம்மன் அபிஷேகக் கெணத்துக்கு நாமளே சாக்கடைய வடிகட்டி ஊத்தியிருப்போம். உடனே நிறுத்தினோம், ரெண்டு குழியும் மண்ணு போட்டு மூடியாச்சு. வடிகால் பத்தி புகார் குடுத்திருக்கோம், இன்னும் ஓடுது. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் காலையில வந்து வடிகால எட்டிப் பாத்திருந்தா 38,000 மிச்சம், இது எங்க தப்புன்னு எழுதியே வைக்கிறோம்.

பக்கத்துல எட்டு வீட்டு மாடித் தண்ணியையும் நம்ம உறை கெணத்துக்கு இணைச்சிருக்கோம். ஒன்பதாவது வீடு நம்ம புறா மாமா வீடு. ரொம்ப ஆசையா பைப் எல்லாம் வாங்கி வச்சிட்டாரு, ஆனா மாடி பூரா புறாக் கூண்டு, பந்தயப் புறா வேற, கூண்ட எடுங்கன்னு சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல. எச்சம் தண்ணியில கலந்தா வியாதிதான், அதனால அவர் மாடிய விட்டுட்டோம், கோச்சுக்கிட்டு ரெண்டு மாசம் பேசல, இப்போ பேசுறாரு. மத்த எட்டு வீட்டுக்காரங்க ஐப்பசி, கார்த்திகையில மாடியில கருவாடு காயப்போட வேணாம்.

வரவு: நன்கொடை, உபயம் 6,42,500. உண்டியல் 58,200. பழைய பைப், இரும்பு வித்தது 4,300. மொத்தம் 7,05,000 ரூபா. செலவு: தூர் வாரி கெணத்துச் சுவர் கட்டினது, ராட்டினம் உள்பட 86,000, மூணு உறை கெணறு 1,26,000, மாடித் தளமும் பைப்பும் 2,12,500, வடிகட்டித் தொட்டி 61,000, வீணாப் போன ரெண்டு குழி 38,000, மோட்டாரையும் கரண்ட் பெட்டியையும் இடுப்பு உயரத்துக்கு மேல ஏத்தினது, சம்ப்புக்கு வாய் ஒசத்தி இறுக்கமான மூடி போட்டது 72,000, தண்ணி டெஸ்ட் 5,400, வேலையாளுங்க சாப்பாடு டீ 17,300. ஆக 6,18,200. கையிருப்பு 86,800, இதைத் தொட மாட்டோம், வருஷா வருஷம் தொட்டி கழுவ, மணல் மாத்த மட்டும்தான். பில் எல்லாம் கோயில் பீரோவுல இருக்கு.

டெஸ்ட் ஏன் குடுத்தீங்கன்னு கேட்டாங்க. 2013ல இதே தண்டையார்பேட்டையில பூமிக்கடியில போற எண்ணெய்க் குழாய் கசிஞ்சு வீட்டுக் கெணத்துல பெட்ரோல் வாசனை வந்தத மறந்துட்டீங்களா? அந்த மாதிரி நம்ம கெணத்துல எதுவும் இல்லன்னு பேப்பர் வந்தப்புறம்தான் வேலையவே ஆரம்பிச்சோம். உப்பு விஷயம் இப்பிடி: வேலைக்கு முன்னாடி டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு மாதிரி சமாச்சாரம் எத்தனை மில்லிகிராம்ங்குற கணக்கு, 2,900. குடிக்கிற தண்ணிக்கு 500 வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 2,000 வரைக்கும். டிசம்பர் கடைசியில நமக்கு 1,150 வந்துச்சு, இப்போ பங்குனி வெயில்ல மறுபடியும் 1,400. அதனால அபிஷேகம், கழுவுறது, பாத்ரூம், செடிக்கு மட்டும். குடிக்க மெட்ரோ தண்ணிதான், யாரும் குழந்தைங்களுக்கு இதப் புடிச்சுக் குடுக்காதீங்க.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு ராத்திரி கரண்ட் போச்சு. பொருளாளர் அண்ணனும் நானும் டார்ச் எடுத்துக்கிட்டு போனோம். தொட்டிக்கிட்ட போறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சு, பைப்புலேர்ந்து தண்ணி விழுற சத்தம், சுவத்துல முடிஞ்சு போன அந்தப் பழைய பைப்புல இருபது வருஷமா கேக்காத சத்தம். கெணத்துல லைட் அடிச்சா அஞ்சு அடியில தண்ணி பளபளன்னு ஆடுது. அண்ணன் ஒண்ணும் பேசல, வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு அப்பிடியே கொஞ்ச நேரம் நின்னாரு.

அன்னிக்கு கோயில்ல கணுக்கால் அளவு தண்ணிதான், காலையில வடிஞ்சிடுச்சு. வெள்ளத்தத் தடுத்த கமிட்டின்னு பேனர் அடிக்கலாம்னாங்க, வேணாம்னுட்டோம். மிக்ஜாம் மழை வேற, இது வேற. கார்த்திகையில மண்ணுக்குள்ள தண்ணி மட்டம் மேல வந்துட்டா உறை கெணறும் ரொம்பிடும், அதுக்கு மேல உள்ள வாங்காது, அதுக்காகத்தான் மிச்சத் தண்ணி வெளிய போக தனி பைப் வச்சிருக்கோம். ஊர் வெள்ளம் வடியணும்னா கால்வாய் ஓடணும், முகத்துவாரம் தொறந்திருக்கணும், அது நம்ம உண்டியல் காசுல ஆகுற வேலை இல்ல.

ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு வடிகட்டித் தொட்டியக் கழுவுறோம், வீட்டுக்கு ஒருத்தர் தொடப்பம், பக்கெட்டோட வாங்க, பத்து மணிக்கு கும்பாபிஷேகக் கணக்கு. அதுக்கு முன்னாடி யாருக்காவது உறை எண்ணிப் பாக்கணும்னு தோணுச்சுன்னா, கெணத்து மூடி சாவி பூக்கார அக்காகிட்ட இருக்கு.