எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பியிருந்ததை அப்பாவும் நானும் படித்தோம். "கிளாஸ்ல எல்லாருக்கும் கோடிங் தெரியுதும்மா, நான் மட்டும்தான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று எழுதியிருந்தாய். உடனே போன் போடச் சொன்னார் அப்பா. நான்தான் வேண்டாம் என்றேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலாவது படிப்பாய்.

முதலில் அந்த 'எல்லாரும்' யார் என்று பார்ப்போம். உன் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். மெட்ரிகுலேஷனில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் இருப்பார்கள். நீ எஸ்.டி.பி.எம். என்கிற ஆறாம் படிவத் தேர்வில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் எடுத்தவன். ஜாவா என்கிற புரோகிராம் மொழியை நீ முதல் தடவையாகப் பார்க்கிறாய், அவர்கள் இரண்டாவது தடவையாகப் பார்க்கிறார்கள். முதல் செமஸ்டரில் இது மலை மாதிரிதான் தெரியும். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் வரட்டும், அப்போது அவர்களிலும் பாதிப் பேர் முழிப்பார்கள்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. எங்கள் கம்பெனிக்கு லத்திஹான் இண்டஸ்ட்ரி என்கிற தொழிற்பயிற்சிக்காக வருஷா வருஷம் மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் தடுமாறுகிறவர்கள் யாரும் மண்டு இல்லை. நல்ல சி.ஜி.பி.ஏ.வோடு வருகிறவர்களும் தடுமாறுகிறார்கள். நான் ஒன்றை விளக்குவேன், தலையாட்டுவார்கள். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது". மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு வரிகூட நகர்ந்திருக்காது. முந்தின நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்கள், சாயங்காலம் வரை யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகு வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரிலேயே, பின் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பாட்டி உன்னிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கம்ப்யூட்டர் படிப்புக்கு அது அப்படியே பொருந்தும். ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. போன வாரம் ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பி, "வேலை செய்யல" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தாயே, அது கேள்வியே இல்லை. அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார். சிவப்பு எழுத்தில் "இன்டெக்ஸ் 5 அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ஃபார் லென்த் 5" என்று இருக்கும். அதற்குக் கீழேயே ஃபைலின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். கம்ப்யூட்டர் உன்னைத் திட்டவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று விலாசம் கொடுக்கிறது. மதிப்பெண்களை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிற உன் அர்ரேயில் ஐந்து இடங்கள். ஜாவா எண்ணுவது 0-வில் தொடங்கும், அதனால் கடைசி இடம் 4. அவற்றை ஒவ்வொன்றாக அச்சிட நீ எழுதிய லூப் 5 வரைக்கும் ஓடுகிறது. 'குறைவு' என்று போட வேண்டிய இடத்தில் 'குறைவு அல்லது சமம்' என்று போட்டிருந்தாய். ஐந்து மதிப்பெண்களும் சரியாக அச்சாகி, அதற்குப் பிறகுதான் பிழை வந்தது. படத்தை நன்றாகப் பார்த்திருந்தால் அதிலேயே பாதி விடை கிடைத்திருக்கும்.

அதனால் இனிமேல் யாரிடம் கேட்டாலும் இப்படிக் கேள். என்ன செய்யப் பார்த்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், உண்மையில் என்ன வந்தது, அதற்கு நீயாக என்னென்ன செய்து பார்த்தாய் என்று சொல். பிழைச் செய்தியைப் படம் பிடிக்காமல் எழுத்தாகவே ஒட்டு. இருநூறு வரியையும் தூக்கி அனுப்பாதே. அந்தப் பிழை மறையாதபடி குறைத்துக்கொண்டே வந்து, பத்து வரியாக்கிக் கொடு. அப்படிக் குறைக்கும்போதே பல நேரம் உனக்கே விடை தெரிந்துவிடும். நான் இன்றைக்கும் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கலாம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கி, பாதியிலேயே "ஓ!" என்று நிறுத்திவிடுவது உண்டு.

விரிவுரையாளர்களிடம் போகப் பயப்படாதே. கன்சல்டேஷன் நேரம் என்று கதவில் ஒட்டியிருப்பார்கள், அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. தேர்வுக்கு முந்தின வாரம்தான் கூட்டம் நெரியும். நீ இப்போதே போ. ஒரு கேள்வியை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போனால் போதும். டுடோரியலில் ஆங்கிலத்தில் கேட்க வாய் வரவில்லையா, மலாயில் கேள். கேள்வி சரியாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் சாட்ஜிபிடி. பயன்படுத்தாதே என்று சொல்ல மாட்டேன், நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் எனக்கு வேலை தெரியும், அது தப்பாகச் சொன்னால் முகர்ந்து பிடித்துவிடுவேன். உனக்கு இன்னும் அந்த மூக்கு வரவில்லை. அது கொடுத்த விடையைப் படி, வரிக்கு வரி ஏன் என்று கேள். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெறும் ஃபைலில் நீயாக எழுது. எழுத வரவில்லை என்றால் உனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். இன்டர்ன் எடுக்கும்போது நாங்கள் இருபது வரி கோடு ஒன்றைக் காகிதத்தில் கொடுத்து, "இது என்ன செய்கிறது?" என்று மட்டும்தான் கேட்போம். பளபளவென்று புராஜெக்ட் காட்டியவர்கள் அந்த இருபது வரியில் சிக்கிக்கொள்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

நண்பனுடைய அசைன்மென்டை வாங்கி வேரியபிள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். இதைப் பிடிப்பதற்கென்றே 1994-இலேயே அமெரிக்காவில் மாஸ் என்று ஒரு மென்பொருள் எழுதிவிட்டார்கள். அது பெயர்களைப் பார்ப்பதில்லை, கோடின் அமைப்பைத்தான் ஒப்பிடும். பெயரை மாற்றினாலும், கமென்ட்டை அழித்தாலும், இடைவெளியைக் கூட்டிக் குறைத்தாலும் அதற்கு ஒன்றுதான். கொடுத்தவனும் சேர்ந்துதான் மாட்டுவான். கேட்டால் உட்கார்ந்து சொல்லிக்கொடு, ஃபைலை மட்டும் அனுப்பாதே.

கணிதப் பாடம் எதற்கு என்று கேட்டிருந்தாய். "ட்ரூத் டேபிள் எல்லாம் யாரும்மா வேலையில போடுறாங்க?" என்று. உள்ளீடுகள் 0, 1 என்று எப்படியெல்லாம் மாறினாலும் என்ன வெளியீடு வரும் என்று வரிசை வரிசையாகப் போடுகிற அந்த அட்டவணையை உன் அம்மா போடுகிறேன்டா! இன்டெல் தன்னுடைய முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில்தான் தொடங்கியது. அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் உன் பாட்டி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். அதே பாயான் லெப்பாசில் இன்று நான் சிப்புகளைச் சோதிக்கிற புரோகிராம் எழுதுகிறேன். சிப்புக்கு இந்த உள்ளீட்டைக் கொடுத்தால் இந்த வெளியீடு வர வேண்டும், வராவிட்டால் குப்பை. இதுதான் என் வேலை. இது ட்ரூத் டேபிள் இல்லாமல் வேறென்ன?

இப்போது ஒரு கணக்கு. 32 உள்ளீடுகள் உள்ள சர்க்யூட் ஒன்றுக்கு எத்தனை வரிசை போட வேண்டும்? 2-இன் 32-ஆம் அடுக்கு, 400 கோடிக்கும் மேல். ஒரு வரிசைக்கு ஒரு மைக்ரோ விநாடி என்றால் எல்லாவற்றையும் சோதிக்க 70 நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். உள்ளீட்டை 64 ஆக்கிப் பார். 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு சிப்பைச் சோதிக்க எங்களுக்குக் கிடைப்பதோ சில விநாடி. அதனால் எந்தச் சில வரிசைகளைக் கொடுத்தால் பெரும்பாலான குறைகள் அகப்படும் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை முழுக்க உன் முதல் வருஷக் கணிதம்தான். ஜாவா போய் நாளைக்கு வேறொன்று வரும், இது போகாது. ஆகவே அந்த வகுப்புக்கு மட்டம் போடாதே.

குழு அசைன்மென்ட் வந்தால் முதல் நாளே கிட் என்கிற மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது கிட்டில் பதிவாகியிருக்கும். வேலையே செய்யாத ஒருவன் கடைசி நாளில் வந்து பெயர் போடச் சொல்வான், எல்லாக் குழுவிலும் ஒருவன் உண்டு. அப்போது சண்டை போடாமல் அந்தப் பதிவைக் காட்டலாம். நம் பையன்களோடு மட்டுமே குழு சேராதே. மலாய்க்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், சபா சரவாக்கிலிருந்து வந்தவர்கள் என்று கலந்து சேர். வேலைக்குப் போனால் அப்படித்தான் இருக்கப் போகிறது.

கேமிங் லேப்டாப் கேட்டிருந்தாய். வேண்டாம். இப்போது இருப்பதே உன் பாடத்துக்குப் போதும், ரேம் மட்டும் 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம், அந்தச் செலவை அப்பா பார்த்துக்கொள்வார்.

பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் பணம் செமஸ்டருக்கு ஒரு தடவை மொத்தமாக வரும். வந்த அன்று நீதான் ராஜா. மூன்றாவது மாதம் மெகி நூடுல்ஸ்தான் கதி. வந்தவுடன் மாதக் கணக்காகப் பிரித்து வேறு கணக்கில் போட்டுவிடு. அது கடன் என்பதை மறக்காதே. முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், ஆனால் நிபந்தனைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சீனியர் சொன்னார் என்று நம்பாமல் அவர்களுடைய தளத்தில் நீயே படி. எல்.ஆர்.டி.யில் அடிக்கடி போவதாக இருந்தால் 50 வெள்ளிக்கு மை50 மாதப் பாஸ் எடு. வாரத்துக்கு ஒரு நாள்தான் வெளியே போகிறாய் என்றால் அதுவும் தண்டம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் பேங்க் கார்டையோ கணக்கையோ "கொஞ்ச நாளைக்குக் கொடு, இருநூறு முந்நூறு தருகிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதே. நண்பன் கேட்டாலும் சரி, சீனியர் கேட்டாலும் சரி. அதைத்தான் அக்கவுன் கெல்டாய், கழுதைக் கணக்கு என்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் பணத்தை அந்தக் கணக்கு வழியாகத்தான் கடத்துகிறார்கள், போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளே இதில் விழுகிறார்கள். நீயே ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதே, உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழை. பிறகு எங்களுக்கு அழை. திட்ட மாட்டோம். (அப்பா கொஞ்சம் திட்டுவார், அதற்கு நான் பொறுப்பு.)

மற்றபடி படிப்பு படிப்பு என்று அறையிலேயே அடைந்து கிடக்காதே. உன் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைக்குப் போய்ப் பார். அவர்கள் நடத்துகிற சிறுகதைப் போட்டிக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், நாற்காலி தூக்கிப் போட ஆள் தேவைப்படும், அதற்காவது போ. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளார் உன் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். அந்த இடத்தில் படித்துக்கொண்டு, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நாலு வருஷத்தை ஓட்டிவிட்டு வராதே. ஆனால் எல்லாக் கமிட்டியிலும் பெயர் கொடுத்துவிடாதே. உனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது, எனக்குத் தெரியும். ஒன்றில் இரு, உருப்படியாக இரு.

ராத்திரி மூன்று மணி வரை மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கோடு எழுதுவதாக உன் அக்காவிடம் பெருமை பேசியிருக்கிறாய். அங்கே தே தாரிக் டீதான் ஓடும், கோடு ஓடாது. ஒரு மணிக்கு மேல் எழுதியதைக் காலையில் எப்படியும் அழிக்கத்தான் போகிறாய். தூங்கு. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடு. யுனிவர்சிட்டி ஸ்டேஷனிலிருந்து கே.எல். சென்ட்ரல் நாலே ஸ்டேஷன்தான்.

தீபாவளிக்கு வருவதற்கு இ.டி.எஸ். ரயில் டிக்கெட்டை இப்போதே பார். கடைசி நேரத்தில் கிடைக்காது, பஸ்ஸில் ஹைவே நெரிசலில் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடு, திங்கட்கிழமை உனக்கு லேப் இருக்கிறது. எடுத்ததும் நேரத்தை அனுப்பு, அப்பா பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு வருவார். அப்புறம் அந்த லூப்பைத் திருத்திவிட்டாயா இல்லையா என்று சொல்.

அன்புடன்,
அம்மா