அப்பத்தாவின் முறத்தில் உள்ள சொற்கள்

காரைக்குடி

அன்புள்ள மகனுக்கு, அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

நாள்தோறும் அகராதியிலிருந்து பத்துச் சொற்களை எழுதிப் பழகுவதாகச் சொல்லி, அந்தக் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். பெங்களூரில் தமிழ் பேசவே ஆள் தேட வேண்டியிருக்கும் ஒருவன் தானாக இப்படி முனைவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "தங்கள் உடல்நிலை தற்போது எவ்வாறுள்ளது?" என்று கேட்டதும், அப்பத்தா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "யாருடா இது, பேங்குக்காரகளா?" என்று என்னைக் கேட்டார்கள். நாங்கள் சிரித்துவிட்டோம். நீ அதற்காக வருத்தப்பட வேண்டாம்; நானும் உன் வயதில் அந்தத் தெருவழியே போய் வந்தவன்தான்.

1939-இல் சா. கணேசன் இவ்வூரில் தொடங்கிய கம்பன் விழாவுக்கு ஐயா என்னைச் சிறுவயது முதலே அழைத்துச் செல்வார்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பலசரக்குக் கடைக்காரர்கள், பாட்டின் அருமையான இடம் வந்ததும் தலையசைத்து ரசிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்களில் ஒன்றையாவது அவர்கள் மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து சொல்லியிருப்பார்களா என்றால், மாட்டார்கள். காதில் விழுந்தால் விளங்கும் சொற்கள் எல்லோரிடமும் ஏராளமாக இருக்கின்றன. வாயில் புழங்குபவை அவற்றில் ஒரு பங்குதான். இது தெரியாமல், மேடையில் கேட்டதையெல்லாம் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒருமுறை பங்காளி வீட்டுக்குக் கேதம் கேட்கப் போயிருந்தேன். கணவரை இழந்த ஆச்சியின் எதிரே நின்று, "அன்னாரின் மறைவு ஈடுசெய்யவியலாத பேரிழப்பு" என்று தொடங்கி, ஐந்து நிமிடம் குறையாமல் பேசினேன். அந்த ஆச்சி பக்கத்திலிருந்தவரிடம், "தம்பி என்ன சொல்லுது?" என்று மெல்லக் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது. பின்னாலேயே வந்த ஒரு முதியவர் முகப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, "நேத்துச் சாயங்காலங்கூட இந்தத் திண்ணையிலதானே உக்காந்திருந்தாக" என்றார். வளவில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள்.

அதனால் சொற்கள் குறைவாக இருந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. உன் குறிப்பேட்டை இரண்டு முறை படித்தேன். அதில் இருப்பவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களும் புகழ்ச்சொற்களும்; வினைச்சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் பேச்சில் சொற்கள் கரைந்துகொண்டிருப்பதோ வினையில்தான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ அடுப்படியில் நின்று, எல்லாவற்றுக்கும் "கிரைண்ட் பண்ணணுமா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாய். அப்பத்தாவுக்கு உளுந்து என்றால் ஆட்டுவது, மிளகாய் என்றால் அம்மியில் அரைப்பது, மாவு என்றால் உலக்கையால் இடிப்பது, பயறு என்றால் திருகையில் திரிப்பது, மிளகு என்றால் நுணுக்குவது. முறத்தைக் கையில் எடுத்தாலும் அப்படித்தான்: தூக்கித் தட்டி உமியைப் பறக்கவிட்டால் புடைத்தல், குலுக்கி நொய்யையும் அரிசியையும் வேறாக்கினால் கொழித்தல். இவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பலகாரத்தின் பதமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. திரிக்கச் சொன்னதை அரைத்துவிட்டால் அன்றைக்கு வேலை கெட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. நீ தேடிப்பிடிக்கும் அருஞ்சொற்களோடு புடைத்தலும் கொழித்தலும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பத்தா அந்த அகராதியைக் கண்ணால் கண்டதில்லை.

குறிப்பேட்டை நிறுத்திவிடாதே. அருஞ்சொல்லுக்கும் இடம் உண்டு. திருமண அழைப்பிதழை 'நேத்து உக்காந்திருந்தாக' என்ற நடையில் அச்சடிக்க முடியாது. இந்தக் கடிதத்தையே நான் எழுத்துத் தமிழில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எழுந்துபோய் இதே நடையில் காப்பி கேட்டால் உன் ஆத்தா தரமாட்டாள். குறிப்பேட்டில் சில பக்கங்களை மட்டும் அப்பத்தாவுக்கென்று ஒதுக்கு. ஞாயிறுதோறும் பேசும்போது, அவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் வினைகளை அப்படியே எழுதிக்கொள்.

நாளை உனக்குத் தேன்குழல் அனுப்புகிறோம். ஓலைக் கொட்டானில் போட்டு அனுப்ப வேண்டும் என்பது அப்பத்தாவின் பிடிவாதம். கூரியரில் வந்து சேர நான்கு நாள் ஆகும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. வந்ததும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசு. நமுத்துப் போயிருந்தால் "நமுத்துப் போச்சு அப்பத்தா" என்றே சொல்லிவிடு. அடுத்த முறை டப்பாவில் போடுவார்கள்.

அன்புடன்,
அப்பச்சி