குட்டியோடு ஒரு தாளும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஆயர் ஈத்தாமில் ஒருவர் வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றை வாங்கி வந்தோம். அவர் காசு கேட்கவில்லை, நன்றாக வளர்த்தால் போதும் என்றார். பிறந்து எட்டு வாரம், காப்பிக்கொட்டை நிறம், அதனால் மகள் வைத்த பெயர் கோப்பி. குட்டி என்றால் பால்தானே என்று மாமியார் டின்பாலைக் கரைத்து வைத்தார், ஒரு சொட்டு விடாமல் நக்கியது. கூடவே நான் கடையில் விலை பார்த்து வாங்கிய நாய்த் தீனியும். விடிவதற்குள் நாலு தடவை தண்ணீராகப் போய்விட்டது, ஐந்தாவது முறை அதில் மீஹூன் என்கிற அரிசிச் சேமியா போல வெள்ளையாக ஏதோ நெளிந்ததைப் பார்த்து மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே எழுந்து வந்துவிட்டார். பேதி நிற்க நாம் சாப்பிடும் மாத்திரையில் பாதி கொடுங்கள் என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை.

கால்நடை டாக்டர் பிடரித் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார், அது சட்டென்று பழைய நிலைக்குப் போகவில்லை, உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்றார். அப்புறம் மூன்று கேள்வி. இதுவரை என்ன சாப்பிட்டது? பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள்? ஊசி போட்டாயிற்றா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை, கொடுத்தவருக்குப் போன் செய்தால் அவருக்கும் சரியாக நினைவில்லை. ஊசி போட்டதா என்று தெரியாததால் பார்வோ வைரஸாக இருக்குமோ என்று மலத்தை எடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் என் கை நடுங்கியது. இரத்தமாகப் போய், வாந்தியும் எடுத்து, இரண்டே நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும் நோய் அது. இல்லை என்று வந்தது.

தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை செரிக்காதாம். தீனியை ஒரே நாளில் மாற்றியதும் தப்பு, பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். பூச்சியோ தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுமாம், வீடு சுத்தமாக இருந்தாலும் வரும். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்தே மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது என்பதால் இப்போது எங்கள் வீட்டில் கை கழுவாமல் யாருக்கும் சோறு கிடையாது.

குட்டி கொடுப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்த தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, ஊசி போட்ட தேதி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்ன தின்கிறது, இவ்வளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அது தின்றுகொண்டிருந்த தீனியில் ஒரு வாரத்துக்கானதைப் பையில் போட்டுக் கொடுங்கள். ஊசி போடவில்லையா, அதையும் எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாங்குகிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள், சும்மா தருகிறாரே, எப்படிக் கேட்பது என்று நான் பேசாமல் வந்ததால்தான் இந்தப் பாடு.

கோப்பி இப்போது ஓடி ஆடுகிறது. அதன் தாளை நானே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், அடுத்த ஊசி வரும் சனிக்கிழமை. டின்பால் மாமியாரின் தேநீருக்கு மட்டும்.

ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு