பாட்டிலைத் தூக்கிப் போட்டாயாமே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் ஆபீஸில் மார்ச் கணக்கு. பதில் போடாதது தப்புதான். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

நேற்று நம் நண்பன் ஒட்டடை போன் செய்தான். முடி வளர்வதற்கான மருந்தான மினாக்சிடிலை ஆறு வாரம் தலையில் தடவிவிட்டு, முன்பைவிட அதிகமாக முடி கொட்டுகிறது என்று பாட்டிலைக் குப்பையில் போட்டாயாமே! உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் அப்படித்தான் கொட்டியது. ஐந்தாவது வாரம் ஒருநாள் காலையில் தலையணை உறையில் மட்டும் 41 முடி. பயந்துபோய்த் தோல் டாக்டரிடம் ஓடினேன். வளராமல் ஓய்ந்து கிடக்கும் வேர்களை மருந்து மறுபடி வளரத் தள்ளுகிறது, அப்போது பழைய முடி உதிரத்தான் செய்யும், ஓரிரு மாதத்தில் அடங்கிவிடும் என்றார். அடங்கியது. மாதாமாதம் அதே டியூப்லைட்டுக்குக் கீழே உச்சந்தலையைப் போட்டோ எடுத்து வைத்தேன். ஐந்தாவது மாதப் படத்தில் வெறும் தோலாக இருந்த இடத்தில் பூனைமுடி! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை, தெரியுமா? சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைக்கவே, தலையில் தடவும் மருந்தாக்கி 1988-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். நீ வாங்கிக் குவித்த மூலிகை எண்ணெய் எதற்கும் இப்படி ஓர் அனுமதி கிடைத்ததாகத் தெரியவில்லை.

காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. ஈரமில்லாத தலையில், முடியில் இல்லை, தோலில் படும்படி. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக முளைக்காது. அரிப்பு எடுத்தால் நுரையாக வருவதைக் கேள். எனக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. படபடப்போ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். வழுக்கைக்கு வேர்க்காரணமான டிஹெச்டி ஹார்மோனை இது தொடாது. அதைக் குறைக்க ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை இருக்கிறது. ஆனால் சிலருக்கு அதனால் தாம்பத்தியத்தில் சிக்கல் வருவதால், டாக்டரைக் கேட்காமல் தொடாதே. இன்னொன்றையும் ஒளிக்க மாட்டேன்: மினாக்சிடிலை நிறுத்தினால் சில மாதத்தில் முளைத்ததெல்லாம் போய்விடும். விடாமல் தடவ வேண்டும்.

அப்புறம் உன் பூனை கருப்பி. அவள் இன்னும் உன் தலையணையில்தான் படுக்கிறாளா? மாப்ளே, இந்த மருந்து பூனைக்கு விஷம். துளி நக்கினாலும் உயிர் போகலாம். மறுபடி ஆரம்பிக்கும் முன் அவளுக்குத் திண்ணை அறையில் படுக்கை போட்டுவிடு. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவளைத் தூக்காதே. குப்பையில் போட்ட பாட்டில் இன்னும் வீட்டில் கிடந்தால், கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அதை எடுத்து அவளுக்கு எட்டாத இடத்தில் வை.

உன்,
பெஞ்சுத் தோழன்