சுறாவுக்குப் பயந்தவன்

பாம்பன்,
மே மாதம்

டேய் மாப்ள,

நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கரையிலதான். பகல்ல படகுக்குப் பெயிண்ட் வேலை, சாயங்காலமானா நம்ம பழைய பாஸ்கெட்பால் கோர்ட். ரிம் மட்டும் புதுசு. நெட்டுக்குப் பழைய வலைத்துண்டைப் பின்னிக் கட்டியிருக்கானுக.

அக்கா மகன் இப்ப என்னைவிட ஒரு சாண் உயரம். போன மாசம் ஒரு மேட்ச்ல ரெண்டு பாயின்ட் பின்னாடி நிக்கும்போது, ரிம்முக்குக் கீழயே நின்னு போட்டதை விட்டுட்டான். ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடல. இனி பந்தைத் தொடமாட்டேன்னுட்டான். அக்கா என்கிட்ட வந்து அழுதா. எனக்கு வேற என்ன தெரியும்? அமெரிக்காவுல பாஸ்கெட்பால் ஆடின டிம் டங்கன் கதையை எடுத்தேன். நீ சிரிப்பே. "உன் ஆளு விளையாடினா தூக்கம் வருதுடா"ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே!

நம்ம செட்டுதான்டா அவனும், 1976. கரீபியன் கடல்ல செயின்ட் குரோய்னு ஒரு தீவு. அப்பா கொத்தனார், அம்மா பேறுகாலம் பாக்கிறவங்க. அக்கா ஒருத்தி 1988 ஒலிம்பிக்ல நீந்தினவ. இவனும் 400 மீட்டர் நீச்சல்காரன். 1989-ல ஹியூகோ புயல் வந்து, அந்தத் தீவுல இருந்த நீச்சல் குளத்தையே சிதைச்சிடுச்சு. கடல்ல பழகுங்கன்னு சொன்னா பையனுக்குச் சுறா பயம்! இதைச் சொன்னதும்தான் மருமகன் முதல்ல சிரிச்சான். சுறாப்புட்டு தின்னு வளந்த பய இல்லையா.

எங்க அப்பத்தா 1964 தனுஷ்கோடிப் புயலைச் சொல்லும்போது, ரயிலையே கடல் கொண்டுபோனதைச் சீக்கிரம் சொல்லி முடிச்சிடும். தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுங்கிறதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். டங்கனுக்கு அந்தக் குளம் அப்படித்தான் இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

அடுத்த ஏப்ரல்ல அவன் அம்மாவும் மார்புப் புற்றுநோய்ல போயிட்டாங்க, அவனோட 14-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள். அதுக்கப்புறம் நீச்சலே வேண்டாம்னுட்டான். பந்து பழக்கினது யாருன்னு நினைக்கிறே? அக்கா புருஷன். எந்த ஊரானாலும் மச்சான்தான் வந்து நிக்கணும்போல! இவன் இவ்வளவு உயரம் வளருவான்னு தெரியாம, கார்டு, அதான் பந்தைத் தட்டிக்கிட்டுப் போய்ப் பாஸ் குடுக்கிற குள்ள ஆளு, அவனுக்கு உள்ள வித்தையெல்லாம் சொல்லிக்குடுத்தாராம். பின்னாடி ரிம் பக்கத்துல ஆடுற ஆறடி பதினோரு அங்குல ஃபார்வர்டுக்கு அதுவே சொத்தாச்சு.

அம்மாகிட்ட படிப்பை முடிக்கிறேன்னு வாக்குக் குடுத்திருந்தான். கோடி கோடியாப் பணம் கூப்பிட்டும் நாலு வருஷம் காலேஜ்ல இருந்து, சைக்காலஜி டிகிரி வாங்கிட்டு, 1997-ல அமெரிக்காவோட பெரிய லீக்கான என்.பி.ஏ.வுல சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமுக்குப் போனான். 19 சீசன், அதே டீம், 5 கோப்பை. ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ மட்டும் கடைசிவரை சுமார்தான், அதை நான் ஒத்துக்கிறேன்.

மருமகனுக்கு நான் முக்கியமாச் சொன்னது 2013 ஃபைனல், ஏழு மேட்ச்ல கடைசியான ஏழாவது மேட்ச். எதிர் டீம் மயாமி ரெண்டு பாயின்ட் முன்னாடி, ஒரு நிமிஷம்கூட இல்லை. தன்னைவிடக் குள்ளமான ஆள் மேல கைக்கெட்டுற தூரத்துல போட்டான், விழல. திரும்பி வந்த பந்தைத் தட்டினான், அதுவும் விழல. ஓடிவந்து குனிஞ்சு ரெண்டு கையாலயும் தரையை ஓங்கி அறைஞ்சான் பாரு! முகத்துல ஒண்ணும் காட்டாத மனுசன்டா அவன். அடுத்த வருஷம் அதே மயாமியை 4-1னு அடிச்சு கோப்பை வாங்கும்போது அவனுக்கு வயசு 38.

2016-ல ஆட்டத்தை விட்டுப் போனதும் அவன் பாணிதான். ஊர் ஊரா மாலை மரியாதை கிடையாது. டீம் ஒரு அறிக்கை விட்டுச்சு, முடிஞ்சது. நான் ரெண்டு வருஷமா "இதுதான் கடைசி சீசன்"னு சொல்லிட்டு இன்னும் கடலுக்குப் போறேன்.

நேத்து சாயங்காலம் மருமகன் கோர்ட்டுக்கு வந்தான். ஒரு வார்த்தை பேசல. டங்கன் மாதிரியே இடது பக்கம் சாய்வா நின்னு, போர்டுல அடிச்சு உள்ள போடுறதையே இருட்டுறவரைக்கும் பழகினான். கச்சான் காத்து பந்தைத் தள்ளத்தான் செய்யுது. போர்டுல பட்டாக் கொஞ்சம் சொன்னபடி கேக்குது.

நீ ஜூன் பத்துக்குள்ள வந்துடு. வரும்போது 7-ம் நம்பர் பந்து ஒண்ணு நல்லதாப் பாத்து வாங்கிட்டு வா, உப்புக் காத்துல இங்க இருக்கிறதெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு. நாட்டுப்படகுல பிள்ளைச்சுறா வருது. அக்காகிட்ட புட்டுக்குச் சொல்லிட்டேன்.

உன்,
பாம்பன் மாப்ள