காஞ்சி யோகினி கோயில் இருந்த எடத்த தேடச் சொல்லி ஒரு மனு

பெறுநர்: ஆணையர், தொல்லியல் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம் பகுதில யோகினி கோயில் அஸ்திவாரத்த தேடி சர்வே பண்ணக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பத்தாம் நூற்றாண்டு யோகினி (தாந்திரீக வழிபாட்டுப் பெண் தெய்வம்) சிலைங்க நம்ம காஞ்சி பக்கத்துலேர்ந்து 1920-கள்ல பாண்டிச்சேரில இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் மூலமா பாரிஸ் வியாபாரி லூ கைக்குப் போய், இன்னிக்கு லண்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொரண்டோ, வாஷிங்டன்னு மியூசியங்கள்ல ஆளுக்கொரு திசையில உக்காந்திருக்கு. மூணு அடிக்கு மேல உயரம், நாலு கை, தலமுடி ஒளிவட்டம் மாதிரி விரிஞ்சிருக்கும், கையில மண்டையோட்டுக் கிண்ணம், ஆனா மொகத்துல அப்படியொரு அமைதி. சிலை எங்கெங்க இருக்குன்னு உலகத்துக்கே தெரியும், அது நின்ன கோயில் எங்கன்னு மட்டும் யாருக்கும் தெரியல, அதத்தான் தேடச் சொல்லிக் கேக்கறேன்.

கோயில் ஏன் அவ்ளோ முக்கியம்னு கேப்பீங்க. கைலாசநாதர் கோயில்லயே சப்தமாதர்னு ஏழு தாய் தெய்வங்க இருக்காங்களே, அவங்க எங்க இருந்தாலும் வரிசையாத்தான் உக்காருவாங்க, நம்ம ஊர் கன்னிமார் கல்லும் அதே வரிசைதான். யோகினி கதை வேற. புவனேஸ்வரம் பக்கத்துல ஹிராபூர்ல 1953-ல வெளியுலகத்துக்குத் தெரியவந்த சின்ன கோயில் கிட்டத்தட்ட 25 அடி குறுக்களவுதான், கூரையே கெடையாது, வட்டச் சுவருக்கு உள்பக்கம் மாடம் மாடமா யோகினிங்க எல்லாரும் நடுவப் பாத்து நிப்பாங்க, வெளிச்சுவத்துல 9 காத்யாயனிங்க (காவல் பெண் தெய்வங்க) வெட்டுப்பட்ட தலை மேல காவல் நிப்பாங்க. அதாவது கட்டடமே ஒரு சக்கரம், பூஜ பண்றவன் சக்கரத்துக்குள்ள நிக்கறான், யோகினிங்க ஆகாசத்துலேர்ந்து எறங்கறவங்கன்னு நம்பினதால மேல தெறந்தே விட்டிருக்காங்க. மத்தியப் பிரதேச யோகினி கோயில்கள எடுத்துக்கிட்டா பேடாகாட்ல 81 மாடம், மிதாவலில 65 அறை, இந்த மூணுல கஜுராஹோல மட்டும் வட்டத்த விட்டுட்டு செவ்வகம். அப்ப காஞ்சியில வட்டமா செவ்வகமா? மத்ததுல நிறைய எடத்துல நிக்கற யோகினி, நம்மளுது உக்காந்த யோகினி, அதுக்கு மாடம் எப்படி வச்சிருப்பாங்க, கல்லா செங்கலா? சிலைய மட்டும் எத்தன வருஷம் பாத்தாலும் இதுக்கு பதில் வராது, தரைய பாக்கணும்.

அதனால கீழடியில ரேடார் வச்சு மண்ணுக்கடியில பாத்த மாதிரி இங்கயும் பழைய ஏரிக்கரை, மேட்டு நெலம், பேரு தெரியாத கோயில் மேடு இதெல்லாம் ஒரு தடவ பாத்துடுங்க. பிளாட் போடறவங்க ஜேசிபி வச்சு நாளுக்கு நாள் மண்ணப் பொரட்டறாங்க, வளைவா ஒரு செங்கல் வரிசை வந்தா பழைய கெணறுன்னு நெனச்சு மூடிருவாங்க (கெணறாவே கூட இருக்கலாம், ஆனா யாராவது பாத்து சொல்லணும்ல). இப்படி எதாச்சும் வந்தா உடனே உங்க ஆபீசுக்குச் சொல்லணும்னு விஏஓ, தாசில்தார் அளவுல ஒரு சர்குலர் போடுங்க.

சிலைங்க திரும்பி வரணும்ங்கறது தனி கேஸ். உத்தரப் பிரதேசத்து லோகரி கிராமத்து யோகினி 2013-ல பாரிஸ்லேர்ந்தும் இன்னொன்னு 2022-ல லண்டன்லேர்ந்தும் வந்துச்சு, அதுல ஊர் தெரிஞ்சதுதான் பெரிய பலம். நம்ம பக்கம் அந்த எடத்தையே காட்ட முடியலன்னா எந்த மேஜையில போய் என்ன பேசறது?

சர்வே எடுக்க முடியுமா முடியாதான்னு எழுத்துல ஒரு பதில் தரும்படி கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
காஞ்சிபுரம் வாசி ஒருத்தர்

நகல்: மாவட்ட ஆட்சியர்கள், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை.