நிலாவெளியும் குச்சவெளியும் ஒரே புள்ளியில்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் ஊர்ச்சங்கத்து ஆட்களின் ஊர்களை வரைபடத்தில் புள்ளியாகப் போட நீ எழுதி அனுப்பின பைத்தன் புரோகிராமையும், பட்டியல் இருக்கிற சிஎஸ்வி கோப்பையும் வடிவாகப் பார்த்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் எந்த வரி, எந்த அடைப்புக்குறி என்று விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள் உனக்கு வேலைக்குப் போகும் நேரம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். கொம்பியூட்டரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். 'நன்டைப்' பொருளுக்கு 'லாட்டிட்யூட்', அதாவது அகலாங்கு, என்று ஒன்று கிடையாது என்று சிவப்பில் வந்து நிற்கிறதே, அதற்குப் பயப்படாதே. உன் புரோகிராம், ஜியோபை என்ற பைத்தன் நூலகம் மூலமாக, ஊர்ப் பெயருக்கு இடம் கண்டுபிடித்துத் தரும் நாமினாட்டிம் என்ற இணையச் சேவையிடம் "நாலாம் கட்டை, திருகோணமலை" எங்கே என்று கேட்டிருக்கிறது. நாமினாட்டிம் தேடுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவுக்குள். அங்கே அந்தப் பெயர் அகப்படவில்லை. அகப்படாவிட்டால் அது பிழை என்று சொல்லாது, 'நன்' என்று வெறுங்கையைக் காட்டும். அடுத்த வரியில் நீ அந்த 'நன்'னிடம் போய் அகலாங்கு கேட்கிறாய். கோளாறு அவ்வளவுதான். விடையை வாங்கின கையோடு அது 'நன்' தானா என்று ஓர் 'இஃப்' போட்டுப் பார். ஆமென்றால் பெயரைக் 'கிடைக்காதவை' என்ற தனிப் பட்டியலில் சேர்த்துவிட்டு, 'கன்டினியூ' சொல்லி அடுத்த ஊருக்குப் போ.

கட்டை என்று பெயர் கொண்ட இடங்களில் நெடுக இந்தச் சோலி வரும். மைல்கல்லை வைத்து ஊர் சொல்லிப் பழகிவிட்டோம், பஸ் கொண்டக்டருக்கு அது போதும். வீதிக்கு வீதி ஒரு நாலாம் கட்டை இருக்கலாம் என்பது கொண்டக்டருக்குப் பிரச்சினையே இல்லை, அவர் ஒரு வீதியில்தானே ஓடுகிறார். உன் புரோகிராமுக்கு அப்படியில்லை. அந்தப் பட்டியலில் விழுகிற பெயர்களை எனக்கு அனுப்பு, நான் வரைபடத்தில் பார்த்துப் புள்ளி எடுத்துத் தருகிறேன்.

இனி நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது.

உன் விடைக் கோப்பில் நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் கடைசித் தசமம் வரை ஒன்றாகவே இருக்கின்றன. நிலாவெளி கழிந்து, கும்புறுப்பிட்டியும் கழிந்து, இன்னும் வடக்கே போனால்தான் குச்சவெளி வரும். சின்ன வயதில் அந்த வீதியால் எத்தனை தரம் போய் வந்திருப்பாய்! இரண்டும் ஒரே புள்ளியில் விழ வழியே இல்லை. ஆனால் அந்த இரண்டு வரிகளையும் எழுதும்போது புரோகிராம் ஒரு சத்தமும் போடவில்லை. நாலாம் கட்டைக்கு வந்துதான் நின்றது. அது நின்றிராவிட்டால் நீ எனக்கு அனுப்பியே இருக்கமாட்டாய்.

நடந்தது இதுதான். ஊர் ஊராகச் சுற்றி வரும் லூப்புக்குள், 'செய்து பார்' என்கிற 'ட்ரை' போட்டிருக்கிறாய். அதன் கீழே, பிழை வந்தால் பிடிக்கிற 'எக்செப்ட்' வெறுமையாக, அதற்குள் 'ஒன்றும் செய்யாமல் போ' என்கிற 'பாஸ்'. நிலாவெளியைக் கேட்டபோது விடை ஒழுங்காக வந்து 'லொக்' என்ற மாறியில் ஏறியது. அடுத்த சுற்று குச்சவெளி. இணைப்பு மெதுவாக இருந்திருக்க வேண்டும். நீ எதுவும் சொல்லாவிட்டால் ஜியோபை 1 செக்கன் மட்டும்தான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் 'ஜியோகோடர் டைம்ட் அவுட்' என்று கத்தும். அந்தக் கத்தலை உன் 'பாஸ்' விழுங்கிவிட்டது. 'லொக்'குக்குள் புதிதாக ஒன்றும் வரவில்லை, போன சுற்றின் நிலாவெளி அப்படியே கிடந்தது. 'ட்ரை'க்கு வெளியே இருக்கிற எழுதும் வரி அதை எடுத்துக் குச்சவெளிக்கு நேரே பதிந்துவிட்டது.

திருத்துவது கஷ்டமில்லை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 'லொக்'கை 'நன்' ஆக்கு. 'ட்ரை'க்குள் இடத்தைக் கேட்கிற ஒரு வரியை மட்டும் வை. 'எக்செப்ட்'டை வெறுமையாக விடாமல், எந்தப் பிழையைப் பிடிக்க நினைக்கிறாயோ அதன் பெயரைச் சொல்லிப் பிடி. பிடித்ததை ஊரின் பெயரோடு அச்சிடு. 'டைம் அவுட்'டை 10 செக்கனாகக் கூட்டு. உன் வகுப்பில் 'ட்ரை எக்செப்ட்' போட்டால் புரோகிராம் விழாது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விழாதுதான். ஆனால் தொடங்குகிற ஆளுக்கு அது விழுவதே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நீ ஒரே மூச்சில் எல்லாக் கேள்விகளையும் அனுப்புகிறாய். நாமினாட்டிம் காசு வாங்காத பொதுச் சேவை. செக்கனுக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது, 'யூசர் ஏஜென்ட்' இடத்தில் உன் புரோகிராமுக்கென்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும், வந்த விடைகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்பவை அவர்களின் விதிகள். கேள்விகளுக்கு நடுவில் இடைவெளி விட ஜியோபையிலேயே 'ரேட் லிமிட்டர்' இருக்கிறது, அதில் இடைவெளியை 1 செக்கன் என்று வை. அதோடு உங்கள் ஊர்ச்சங்கப் பட்டியலில் கிண்ணியாக்காரர் மட்டும் எத்தனை பேர்! ஆளுக்கொரு தரம் கிண்ணியாவைக் கேட்காதே. ஒரு பெயரை ஒரு தரம் மட்டும் வைத்திருக்கும் 'செட்'டுக்குள் ஊர்ப் பெயர்களைப் போட்டு, ஊருக்கு ஒருமுறை மட்டும் கேட்டு, பெயருக்கு நேரே விடையை வைக்கும் ஒரு 'டிக்ட்'டில் போட்டு அதைக் கோப்பாகவும் எழுதிவிடு. அடுத்த முறை ஓட்டும்போது முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கட்டும்.

சத்தம் போடாத பிழைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

நாட்டைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் திருகோணமலை என்று மட்டும் கொடுத்தால் எது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கண்டியில் திருகோணமலை வீதி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாட்லிபூல் துறைமுகத்தில் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி வெள்ளோட்டம் விட்டது, இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலின் பெயரை வைத்தே உனக்குக் கிட்ட, வான்கூவருக்குத் தென்மேற்கே, கலியானோ தீவுக்கும் சால்ட் ஸ்பிரிங் தீவுக்கும் நடுவில் திரிங்கோமலி கால்வாய் என்று ஒரு கடல்வழி இருக்கிறது. ஓரிரு எழுத்து மாறி அடித்தால் உன் சங்கத்து ஆட்களைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் விட்டாலும் விடும். கேட்கும்போது 'கன்ட்ரி கோட்ஸ்' இடத்தில் இலங்கையின் குறியீடான 'எல்கே'யைக் கொடு. விடை வந்த பிறகும் சும்மா விடாதே. அகலாங்கு 5.9க்கும் 9.9க்கும் இடையிலா, நெட்டாங்கு 79.5க்கும் 81.9க்கும் இடையிலா என்று ஒரு சோதனை போடு. இலங்கை அதற்குள் அடங்கிவிடும்.

போன கிழமை அனுப்பின வரைபடத்தில் பாதிப் புள்ளிகள் வட துருவப் பக்கம் நின்றதற்கும் இதுதான் மருந்து. வரைபடம் போடுகிற ஃபோலியம் அகலாங்கை முதலில் கேட்கும், இடங்களைச் சேமித்து வைக்கிற ஜியோஜேசன் கோப்பில் நெட்டாங்குதான் முதலில் வரும். நீ ஒன்றிலிருந்து எடுத்து மற்றதுக்கு அப்படியே கொடுத்துவிட்டாய். திருகோணமலை ஏறக்குறைய 8.57, 81.23. அதை மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடல். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வான்கூவரை இப்படி மாற்றிக் கொடுத்தால் ஜியோபை உடனே மறுத்துவிடும், ஏனென்றால் 123 என்று ஓர் அகலாங்கு உலகத்தில் இல்லை, 90தான் எல்லை. எங்கள் நாட்டு நெட்டாங்குகள் எல்லாம் 79, 80, 81 என்று 90க்குள் நிற்பதால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் நின்ற அந்தத் தனிப் புள்ளி, வெறுமையான கட்டங்களை நீ 0 என்று நிரப்பினதால் வந்தது. 0, 0 கினி வளைகுடாவில் இருக்கிறது. தெரியாததை 0 ஆக்காதே, வெறுமையாகவே விடு.

என் பழைய கொப்பியிலிருந்து நீ எடுத்த இலக்கங்களையும் திருத்த வேண்டும். நிலஅளவையில் படவரைஞனாக இருந்த காலத்துப் பழக்கத்தில் நான் பாகையும் கலையுமாகத்தான் எழுதுவேன். 8 பாகை 34 கலை என்பதை நீ 8.34 என்று தட்டியிருக்கிறாய். 34ஐ 60ஆல் பிரித்துக் கூட்ட வேண்டும், அப்போது 8.5667. அதேபோல் 81 பாகை 14 கலை 81.2333. நீ தட்டினபடி பார்த்தால் திருகோணமலைப் பட்டினம் 25 கிலோமீட்டருக்குக் கிட்டத் தெற்கே இறங்கி, மேற்கேயும் தள்ளி, கந்தளாய்க்கும் சேருவிலைக்கும் இடையில் போய் நிற்கும். இலங்கைக்குள்தான் நிற்கிறது, ஆகவே மேலே சொன்ன சோதனையிலும் மாட்டாது. கொப்பியில் ஆறு இலக்கத்தில் இருப்பவை பாகையே அல்ல, மீட்டர். பீதுருதாலகாலையைத் தொடக்கமாக வைத்து எண்ணினவை. பழைய தாள்களில் தொடக்கத்துக்கு 200,000, 1999 முறையில் 500,000. அவற்றை இப்போது தொடாதே. இப்படியான மீட்டர்களைப் பாகையாக மாற்றுகிற 'பைபுரோஜ்' படித்த பிறகு பார்க்கலாம், முதலில் எது எந்தத் தாள் என்று நானே குறித்துத் தருகிறேன்.

எழுத்துப் பிழைகளைச் சரிக்கட்ட, கிட்டத்தட்ட ஒன்றான சொற்களைத் தேடித் தரும் 'டிஃப்லிப்'பைப் பயன்படுத்தியிருக்கிறாய். கெட்டித்தனம்தான், ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு அது ஆபத்து. கன்னியாவும் கிண்ணியாவும் ஆங்கிலத்தில் ஏழெழுத்து, ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 'டிஃப்லிப்' கணக்கில் ஒற்றுமை 0.857. நீ விட்டிருக்கிற எல்லை 0.6. வெந்நீர்க் கிணற்றடியில் இருக்கிறவரைக் கடல் கடந்து கிண்ணியாவுக்கு அனுப்பிவிடும். பரிந்துரையை அச்சிட்டுக் காட்டட்டும், மாற்றுவதை நீ கையால் செய்.

தமிழில் எழுதின ஊர்ப் பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றாயே, அதற்கு இரண்டு காரணங்கள். சிலர் திருகோணமலை என்கிறார்கள், சிலர் திருக்கோணமலை. அதற்கு ஒரு 'டிக்ட்' எழுதி இரண்டையும் ஒன்றாக்கு. மற்றது கண்ணுக்கே தெரியாது. 'கோ'வில் உள்ள ஓகாரம் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். குறிகளை எண்ணுகிற 'லென்' போட்டுப் பார், ஒரு திருகோணமலை 10 என்று வரும், மற்றது 11. ஒப்பிடுவதற்கு முன் 'யூனிகோட்டேட்டா'வின் 'நார்மலைஸ்' கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே குறியாகச் சேர்க்கிற 'என்எஃப்சி' வடிவமாக்கிவிடு. கூடவே 'ஸ்ட்ரிப்'பும் போடு, பாதிப் பேர் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கோப்பை எக்செல்லில் சேமித்திருந்தால் 'யூடிஎஃப்-8-சிக்' என்று சொல்லித் திற. அந்த முதல் நிரலின் பெயருக்கு 'கீ எரர்' வந்தது அதனால்தான், முன்னால் ஒரு மறைகுறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸில் வாசிக்கும்போது தொலைபேசி நிரலை 'ஸ்ட்ரிங்', அதாவது எழுத்து, என்று சொல்லி வாசி. இல்லாவிட்டால் 026 என்று தொடங்கும் ஊர் இலக்கமெல்லாம் 26 ஆகிவிடும்.

கடைசியாக ஒன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உன் கேள்விகளில் ஆளின் பெயர், வீட்டு இலக்கம், ஊர் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக வெளியே அனுப்புகிறாய். சங்கத்தார் உன்னை நம்பித் தந்த விபரம் அது. எங்கள் ஆட்களில் சிலர் தங்கள் வீடு எங்கே என்று ஊருக்குச் சொல்ல விரும்பாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஊர்ப் பெயர் மட்டும் வெளியே போகட்டும். வரைபடத்திலும் ஊருக்கு ஒரு புள்ளி, எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, அது போதும். எனக்கு அனுப்பும் கோப்பிலும் பெயர், தொலைபேசி நிரல்களை எடுத்துவிட்டு அனுப்பு.

முதலில் அந்த 'எக்செப்ட்'டைத் திருத்தி, வெருகல், மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று ஐந்து ஊர்களை மட்டும் வைத்து ஓட்டிப் பார். ஐந்தும் எங்கே விழ வேண்டும் என்று உனக்கே தெரியும். பிறகு முழுப் பட்டியலையும் விடு. கிடைக்காதவற்றின் பட்டியல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்தால் நான் பார்த்து வைப்பேன். அம்மா உன் இருமல் நின்றுவிட்டதா என்று கேட்கச் சொன்னா, அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா